சாப்பிட வாங்கோ

ஆதிரை புட்டுப் பெட்டியைத் திறந்ததும், பின்னால் மணலில் வந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது. யாரோ நடைக்காரர் என்று நினைத்தாள். ஆள் பக்கத்தில் நிற்க, தான் மட்டும் வாயில் வைப்பது அவளுக்குப் பழக்கமில்லை. திரும்பிப் பாராமலே சொன்னாள்.

"சாப்பிட வாங்கோ."

"ஆரையப்பா கூப்பிடுறீர்?" என்றான் கணவன் மதீசன். ஐந்து மாதக் குழந்தை அபிரா அவன் நெஞ்சோடு கட்டிய பையில் தூங்கிக்கொண்டிருந்தாள். "கல்லுக்கும் புட்டுக் குடுக்கப் போறீரோ?"

திரும்பினாள். மணலில் அவர்கள் இருவருடைய தடங்கள் மட்டுமே இருந்தன.

ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகர வீட்டிலிருந்து இந்தப் பாறைப் பள்ளத்தாக்குக்கு இரண்டு மணி நேரக் கார் ஓட்டம். இலகுவான பாதை, ஒன்றரை மணி நேர நடை என்று நுழைவிடப் பலகையில் போட்டிருந்ததை அவள் கொப்பியில் குறித்தும் வைத்திருந்தாள். வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் அவள். அதனால் முதலில் தன் காதைத்தான் சந்தேகித்தாள்.

மீண்டும் நடந்தார்கள். இரு பக்கமும் மஞ்சள் மணற்கல் சுவர்கள் நெருங்கி வர, பாசியும் ஈர மண்ணும் கலந்த மணம் மூக்கில் ஏற, மேலே வானம் ஒரு நாடா அளவுக்கு ஒடுங்க, அவளுடைய காலடிக்கும் அவனுடைய சப்பாத்துச் சத்தத்துக்கும் இடையில் வெறுங்காலை இழுத்து இழுத்து வைக்கும் மூன்றாவது சத்தம் ஒன்று வந்துகொண்டேயிருந்தது.

"மெல்ல நடவும்," என்றான் மதீசன். "அவருக்கு ஏலாமல் இருக்கு."

"எவருக்கு?"

"நீர்தானே கூப்பிட்டனீர்."

பகிடியா? அவன் எப்போதும் பகிடி விடுகிறவன். முகத்தைப் பார்த்தாள். சிரிப்பில்லை.

ஒருவர் மட்டும் நுழையக்கூடிய இடுக்கு வந்தது. மதீசன் பக்கவாட்டில் ஒதுங்கி, மரியாதையாகத் தலையசைத்து, யாருக்கோ வழி விட்டான். அவன் நெஞ்சுப் பையின் மேல், குழந்தையின் முதுகுப் பக்கம், ஈர மணல் ஒரு கோடாக இழுபட்டது.

"பிள்ளையை என்னட்டத் தாங்கோ."

"ஏன்? அவர் ஆசையாப் பாக்கிறார்."

பிடுங்கினாள். ஓடினாள். கார் நிறுத்துமிடம் வெயிலில் கிடந்தது. பின் இருக்கையில் குழந்தையைக் கட்டினாள். முன்னால் ஏறிக் காரை இயக்கத் திறப்பைத் திருகும்போது, மறுபக்கப் பின் கதவை மதீசன் திறந்து பிடித்திருந்தான்.

"வேண்டாம். சாத்துங்கோ."

"கூப்பிட்டிட்டு வேண்டாமெண்டு சொல்ல ஏலாது, ஆதிரை."

காரின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

கதவு சாத்தும் சத்தம்.

கண்ணாடியில் பார்த்தாள். அபிரா விழித்திருந்தாள். அழவில்லை. பக்கத்து வெற்று இருக்கையைப் பார்த்து வாயைத் திறந்தாள், ஊட்டுகிறவருக்குத் திறப்பது போல. அதுவரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் உண்டறியாத பிள்ளை.

மென்றாள். விழுங்கினாள்.

கடைவாயிலிருந்து மஞ்சள் மணல் வழிந்தது.

சிரித்தாள். மீண்டும் வாயைத் திறந்தாள்.