கொதிக்க வைக்காத சட்டை

திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மணி அடித்தது. பெயர் கூப்பிட வேண்டிய கங்காணி, மண்டோர் காளிமுத்து வரவில்லை.

ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கிடைத்தார். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்குப் பின்னால், சாக்கடைக்குள், முகங்குப்புற. கண்டது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் தனபாலன். பல் விளக்கிக்கொண்டே பின்பக்கம் வந்தவர், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்க மறந்து அப்படியே நின்றார்.

1952 ஆகஸ்ட் 11. மலாயாவில், அலோர் காஜாவிலிருந்து ஒன்பது மைல் உள்ளே, ஆயர் செம்பாக்கா ரப்பர் தோட்டம். தொழிலாளர் லயங்கள், ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சேர்த்து முள்கம்பி வேலி போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. பால்வெட்டுக்குப் போகிற நேரம் தவிர வேலியைத் தாண்டினால் குற்றம். ஒரு பிடி அரிசியோடு தாண்டினால் அதைவிடப் பெரிய குற்றம். காட்டுக்குள் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு, அந்தக் காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக்கூடாது என்பது சர்க்காரின் கணக்கு.

தனபாலன் உடம்பைத் தொட்டுப் பார்த்தார். நன்றாக விறைத்திருந்தது. முந்தின நாள் மாலை போன உயிர். பின்மண்டை உடைந்திருந்தது. காயத்துக்குள் விரல் நகம் அளவு ஒரு மரச்சிராய். அதை இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்தார்.

எட்டுப் பத்துக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் காளிதாஸ் மெலிந்த மனிதர்; கேள்விகளும் அவரைப் போலவே.

“கடைசியா யாரு பார்த்தது?”

“நான்தானுங்க,” என்றான் ஆஸ்பத்திரிச் சமையல்காரன் நல்லமுத்து. ஐம்பது வயது, வாய் நிறைய வெற்றிலை. “நேத்து சாயந்திரம் அஞ்சரைக்கு, ஆஸ்பத்திரி அரிசி டின்னை அளக்க வந்தாரு. அளந்தாரு, போயிட்டாரு.”

“நீ?”

“கழனித்தண்ணி டின்னைப் பன்னிக்காரனுக்கு வேலியோரம் வச்சேன். லயத்துக்குப் போயிட்டேன்.”

“டிரஸர், நீங்க?”

“வார்டுல இருந்தேன் சார். ஒரு சத்தமும் கேக்கல.”

“மண்டோருக்கு யாரோட தகராறு?”

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் போயிற்று. அங்கே பால்வெட்டுக்காரன் சாமிக்கண்ணு நின்றுகொண்டிருந்தான். சனிக்கிழமை ரேஷன் போடும்போது, ஆஸ்பத்திரியில் கிடக்கும் மனைவிக்குக் கஞ்சி வைக்க ஒரு பிடி அரிசி கூடக் கேட்டான். “உன் பொண்டாட்டிக்கா, காட்டுக்காரனுக்கா?” என்றார் காளிமுத்து. சாமிக்கண்ணு அவர் சட்டையைப் பிடித்தான். “இன்னொரு தடவ சொன்னே, மண்டைய ஒடைச்சிடுவேன்.” நூறு பேர் கேட்ட பேச்சு.

ஒன்பதரைக்கு, போலீஸ் தேடியதில், சாமிக்கண்ணு வீட்டு விறகு அடுக்குக்குள்ளிருந்து ஒரு காக்கிச் சட்டை வெளியே வந்தது. மார்பிலும் வலக்கையிலும் திட்டுத்திட்டாகப் பழுப்புக் கறை.

“என்னடா இது?”

சாமிக்கண்ணு விறகு அடுக்கைப் பார்த்தான்.

“எதுக்குடா ஒளிச்சு வச்சே?”

அவன் கூட வந்திருந்த தனபாலனை ஒருமுறை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

காளிதாஸ் திரும்பினார். “மிஸ்டர் தனபாலன், இது ரத்தமான்னு இங்கேயே பார்க்க முடியுமா? சிங்கப்பூருக்கு அனுப்பினா மூணு வாரம்லா.”

“முடியும் சார். கொக்கிப்புழுக்காரங்க மலத்துல ரத்தம் போகுதான்னு பார்க்கிற மருந்து இருக்கு.”

“மலம் பாக்கிற மருந்தா?” இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. “பாருங்க. தொரைகிட்ட மட்டும் அந்தப் பேரைச் சொல்லிக்க வேணாம்.”

ஆஸ்பத்திரிக்கு வந்து, தனபாலன் கறை பட்ட இடத்தில் ஒரு துண்டை வெட்டினார். அதில் பாதியைப் பீங்கான் தட்டில் வைத்தார். மீதியை உறையில் போட்டு மேசைக்குள் வைத்தார். எதிலும் பாதியை வைத்துக்கொள்வது அவர் மலாக்கா ஆஸ்பத்திரி லேபில் பழகிய பழக்கம். நிறமில்லாத மருந்து இரண்டு சொட்டு. மாற்றம் இல்லை. பிறகு புண் கழுவுகிற பெராக்சைடு இரண்டு சொட்டு. மூச்சு விடுவதற்குள் துணி ரோஜா நிறமாகச் சிவந்தது.

“ரத்தமா?”

“ரத்தம்தான் சார்.”

அந்தப் பேச்சைத் தனபாலன் பிற்பாடு எத்தனையோ தடவை திருப்பி எடுக்கப் பார்த்தார்.

“கொலைக்கேஸு. தூக்குதான்,” என்றார் காளிதாஸ், யாரிடமும் இல்லாமல். அவனை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியபோது, வார்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமிக்கண்ணுவின் மனைவி முனியம்மா நின்றாள். கல்லடைப்பு வலியில் நான்கு நாளாக நிமிர முடியாதவள், அன்றைக்கு நிமிர்ந்து நின்றாள்.

பதினொரு மணிக்குத் தனபாலன் சமையல்கட்டுப் பக்கம் போனார். பேண்டேஜ் வேகவைக்கிற அண்டாவில் ஒரு தோள்துண்டு கொதித்துக்கொண்டிருந்தது.

“என்னண்ணே, ஆஸ்பத்திரி அண்டாவில ஒங்க துண்டா?”

“வெத்தலைக் கறை தம்பி,” என்றான் நல்லமுத்து. “சோடா போட்டுக் கொதிக்க வச்சும் போய்த் தொலைய மாட்டேங்குது. ஒங்க அண்ணி கழுத்தைத் திருகுவா.”

தனபாலன் சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. ஆறாம் நம்பர் கட்டில்காரனின் மலச் சோதனை. சோதனைக்குழாயை ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடித்தார் தனபாலன். கொதித்தது. ஐந்து நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஆயிரம் தடவை செய்த வேலை. கை தானாகச் செய்யும்.

மூன்றாவது நிமிடத்தில் கேட்டுக்கொண்டார்: இதை ஏன் கொதிக்க வைக்கிறேன்?

விடை அவருடைய பழைய லேப் நோட்டிலேயே இருந்தது. ரத்தத்தின் சிவப்புக்குள் ஒரு வளையம் உண்டு. போர்பைரின் என்று பெயர். அதன் நடுவில் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கும். பெராக்சைடை உடைத்து மருந்துக்கு நிறம் ஏற்றுவது அந்த இரும்புதான். அது வினையூக்கி: வேலையை நடத்தி வைக்கும், தான் தீர்ந்து போகாது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தமும் அகப்பட்டுவிடும். ஆனால் செடிகொடிகளின் சாற்றிலும் இதே இரும்பு வளையம் உண்டு. தின்ற கீரையும் காயும் சோதனையை ஏமாற்றும். ஒரே ஒரு வித்தியாசம். செடியின் வளையம் தன்னைச் சுற்றியுள்ள புரதத்தை நம்பி வேலை செய்கிறது. கொதிக்க வைத்தால் முட்டை வெந்த மாதிரி அந்தப் புரதம் கெட்டு, வளையத்தின் வேலை நின்றுபோகும். ரத்தத்தின் இரும்போ வெந்த பிறகும் வேலை செய்யும்.

மலத்தைக் கொதிக்க வைத்தவர், சட்டையைக் கொதிக்க வைக்கவில்லை.

உறையிலிருந்த மீதித் துணியை எடுத்தார். நீரில் இட்டார். ஐந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. ஆறவிட்டார். மருந்து. பெராக்சைடு. காத்திருந்தார். பழுப்பு பழுப்பாகவே கிடந்தது.

சட்டையில் ரத்தம் இல்லை.

சாமிக்கண்ணுவைத் தூக்கிலிருந்து இறக்கியாயிற்று என்ற சந்தோஷத்தில் அவர் வார்டுக்கு ஓடினார். பத்து ஐந்து.

“முனியம்மா, சாமிக்கண்ணு சட்டையில என்ன கறை?”

அவள் பயந்து அக்கம்பக்கம் பார்த்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்தாள். அடியில் கலங்கலாகக் கொஞ்சம் சாறு.

“வாழைத்தண்டுங்கய்யா.”

“யாரு குடிக்கச் சொன்னது?”

“நீங்கதானேய்யா சொன்னீங்க.”

சொன்னதுதான். வெள்ளிக்கிழமை. கல்லடைப்பு வலிக்குக் கொடுக்கிற மிக்ஸர் மருந்து தீர்ந்துபோயிருந்தது. மலாக்காவுக்குப் போகிற லாரிக்குக் காவல் கிடைக்கவில்லை. அவள் கட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டு அழுதாள். கையில் ஒன்றுமில்லாதவன் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்: “வாழைத்தண்டுச் சாறு குடிச்சாக்கூட நல்லதும்மா.” சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வேலிக்குள் வாழை கிடையாது. சுடுவதற்கு மறைப்பு இருக்கக்கூடாது என்று பட்டாளத்துக்காரர்கள் ஒன்றுவிடாமல் வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே வாழைக்கூட்டம் ஓடைக்கு அப்பால், சீனர்கள் விட்டுப்போன காய்கறித் தோட்டத்தில். மூன்று மாதத்துக்கு முன் அவர்கள் அத்தனை பேரையும் சர்க்கார் காவல் போட்ட புதுக்கிராமத்துக்கு ஏற்றிப் போன பிறகு, அந்த இடத்தில் கால் வைக்கிறவன் காட்டுக்காரனின் ஆள் என்று சட்டம்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவுங்க வேலிக்கடியில பூந்து போனாங்க,” என்றாள் முனியம்மா. “வேற யாருக்கும் தெரியாதுங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன்.”

தனபாலன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வாழை என்று சொன்னால் தூக்கு இல்லை. ஆனால் வேலி தாண்டிய குற்றம். சொல்லாவிட்டால் தூக்கு.

ஒரே வழி தெரிந்தது. கொலைகாரனைக் கையில் கொடுத்துவிட்டால், சட்டையைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

மரச்சிராயை எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் கரி. அடுப்பு விறகு. பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. பன்றிக்காரச் சீனன் புதுக்கிராமத்துக்குப் போய் மூன்று மாதம். கழனித்தண்ணி டின் யாருக்காக இன்னும் வேலிக்குப் போகிறது?

சமையல்கட்டுக் கொடியில் காய்ந்த நல்லமுத்துவின் தோள்துண்டின் ஓரத்தில் ஒரு நூல் அகலம் வெட்டிக்கொண்டார்.

புதன்கிழமை, பத்தரை. ஆயுதம் தேட இன்ஸ்பெக்டர் வந்தார். சாமிக்கண்ணுவைக் கைவிலங்கோடு கொண்டுவந்திருந்தார். தனபாலன் எல்லாரையும் சமையல்கட்டுக்கு அழைத்தார்.

“சார், நான் திங்கக்கிழமை சொன்னது தப்பு.”

விளக்கைப் பற்ற வைத்தார். சட்டையில் புதிதாக ஒரு துண்டு வெட்டிக் கொதிக்க வைத்துக் காட்டினார். நிறம் வரவில்லை. பிறகு தோள்துண்டிலிருந்து வெட்டிய நூல். அதையும் கொதிக்க வைத்தார். மருந்து விட்டார், நிறமில்லை. பெராக்சைடு விட்டார். ரோஜா நிறம் பொங்கி வந்தது.

“இது யாரோடது?”

“நல்லமுத்தண்ணனோடது. வெத்தலைக் கறைன்னாரு. வெத்தலைச் சாறு ஒரு கொதிக்கே தாங்காது சார். இது ரெண்டாங் கொதி. இதுக்கும் அசையாதது ரத்தம் ஒண்ணுதான். பச்சைத்தண்ணியில அலசியிருந்தா அப்பவே போயிருக்கும். சுடுதண்ணி ரத்தத்தைத் துணியோட தைச்சிடும்.” சிராயை எடுத்து மேசையில் வைத்தார். “ஆயுதத்தைத் தேட வேணாம். அன்னிக்கே அடுப்புல எரிஞ்சிருக்கும்.”

நல்லமுத்து ஓடவில்லை. வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டான்.

“மண்டோரு கழனித்தண்ணிக்குள்ள சோத்துருண்டையைப் பார்த்துட்டாரு சார். பன்னிக்காரன் போனப்புறம் அந்த டின்னுக்குக் காட்டுக்காரனுங்க வர ஆரம்பிச்சானுங்க. சோறு வைக்கலேன்னா அவன் வெட்டுவான். வச்சா நீங்க புடிப்பீங்க. நான் எங்க சார் போவேன்? சொல்லாதீங்க அண்ணேன்னு கால்ல விழுந்தேன். கேக்கல.” துண்டைப் பார்த்தான். “அடிச்சப்புறம் கட்டிப் பார்த்தேன் தம்பி. ரத்தம் நிக்கவே இல்ல. பக்கத்து ரூம்ல நீங்க இருந்தீங்க. கூப்பிட வாய் வரல.”

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சமையல்கட்டில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“கெட்டிக்காரர்லா நீங்க,” என்றார் காளிதாஸ். விலங்கின் சாவியைக் கையில் எடுத்தார். பூட்டில் வைத்தார். திருப்பவில்லை.

“ஒரு சந்தேகம் மிஸ்டர் தனபாலன். ரத்தமில்லேன்னா, இவன் எதுக்குச் சட்டையை ஒளிச்சான்?”

“ஏதோ செடிப்பால் சார்.”

“ரப்பர் பால் பட்ட சட்டையை எந்த வெட்டுக்காரன் ஒளிப்பான்?” சட்டையை முகத்தருகே பிடித்துப் பார்த்தார். “எங்கம்மா சேலை பூரா இந்தக் கறைதான். வாழை.” ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்தார். அதற்கு அப்பால் ஓடையை. “இங்க வாழை எங்க இருக்கு?”

தனபாலன் பேசினார். இவ்வளவு வேகமாக அவர் எப்போதும் பேசியதில்லை. கல்லடைப்பு, தீர்ந்துபோன மிக்ஸர், வராத லாரி, தான் சொன்ன சொல், கட்டிலுக்கடியில் பாட்டில். இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். நம்பவும் செய்தார், அது முகத்தில் தெரிந்தது.

“கொலைன்னா கோர்ட்டு இருக்கு, சாட்சி வேணும், நீங்க வந்து இந்த விளக்கை ஏத்திக் காட்டலாம்,” என்றார். “இதுக்குக் கோர்ட்டு கெடையாது. மேல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். யாருகிட்ட நான் கொதிக்க வச்சுக் காட்டுறது? மூணு கான்ஸ்டபிள் நின்னு கேட்டுட்டான். எழுதாம விட்டா நாளைக்கு என்னை எழுதுவான்.”

“என்ன ஆகும் சார்?”

“தடுப்புக் கேம்ப்பு. அப்புறம் நாகப்பட்டினம் கப்பல். இவன் ஊர்ல, இந்தியாவுல பொறந்தவன்தானே?”

“அவன் பொண்டாட்டி இங்கயே, சுங்கை ரம்பாயில பொறந்தவ சார்.”

காளிதாஸ் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாமிக்கண்ணு ஜீப்பில் ஏறும்போதுதான் முதல்முறையாகத் தனபாலனிடம் பேசினான். “தண்டு இன்னும் ரெண்டு முழம் எங்க வீட்டுப் படிக்குக் கீழ இருக்குங்கய்யா. காஞ்சிரும். அவகிட்டச் சொல்லிருங்க.”

பன்னிரண்டு மணிக்குத் தனபாலன் வார்டுக்குள் போனார். என்ன சொல்வது என்று வராந்தாவில் ஆறு தடவை நடந்து பார்த்த பிறகு.

முனியம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் தலை சீவியிருந்தாள். அவரைப் பார்த்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அரிசி நுனி அளவுக்கு, கருத்த ஒரு கல்.

“காலையில விழுந்துச்சுங்கய்யா. நீங்க சொன்ன மருந்துதான்.” முகமெல்லாம் சிரிப்பு. “ஜீப்பு சத்தம் கேட்டுச்சே. அவுங்கள விட்டுட்டாங்களா?”