பாறை இடுக்கு

அருவி விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது.

காதில் தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டாள் நர்ஸக்கா. ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதுதான் பெயர். கூடப்பிறந்த தம்பியும் கேலிக்கு அப்படியே கூப்பிடுவான். அம்மா போனபின் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பஸ் ஓட்டி ஓட்டி முதுகே போச்சு என்று அவன் புலம்பியதால்தான் இந்த நடை. இருபுறமும் வானத்தை நெருக்கி நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள். நடுவில் பச்சை ஆறு. அதை ஒட்டி வழுக்கும் பாதை.

"உன் மூட்டு போடுற சத்தத்துக்கு அருவியே பயந்து வாயை மூடிக்கிச்சு. உக்காரு, வளைவு வரைக்கும் பாத்துட்டு வந்துடறேன்" என்று சிரித்தபடி போனான் தம்பி.

சற்று நேரத்தில் அவள் முதுகுக்குப் பின்னால், பாறைப் பிளவுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

"அக்கா... கால் மாட்டிக்கிச்சு."

முன்னால் போனவன் பின்னால் எப்படி வந்தான் என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. உடம்பை ஒருக்களித்து நுழைந்தாள். அன்றுதான் வெள்ளையடித்த அறைபோல ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கை அடைக்க, சில்லென்ற பாறை ஒரு கன்னத்திலும் மறு கன்னத்திலும் மாறி மாறி உரச, பின்னால் இருந்த வெளிச்சம் ஒரு கோடாக மெலிந்துகொண்டே வர, அவள் நகர்ந்துகொண்டே போனாள்.

"கிட்ட வந்துட்டேன்டா. அசையாத."

"மூச்சை விடுக்கா. அப்பத்தான் நுழைய முடியும்."

விட்டாள். நெஞ்சு உள்வாங்கியது. ஓரடி நகர்ந்தாள். மறுபடி மூச்சை இழுக்கப் பார்த்தபோது விலா விரியவில்லை.

பாறை நெருங்கியிருந்தது.

எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், வெள்ளையாக ஒரு முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று சுண்ணாம்பு. வாய் மட்டும் ஈரமாக, திறந்து.

அப்போதுதான் வெளியே, பாதையிலிருந்து, அதே குரல்.

"நர்ஸக்கா! எங்க போய்த் தொலைஞ்ச?"

கத்த வேண்டும். வராதே என்று கத்த வேண்டும். மூச்சில்லை. நாக்கு மட்டும் புரண்டது. ஒரு கையின் விரல்கள்தான் அசைந்தன. நகத்தால் பாறையைப் பிராண்டினாள். போய்விடு. போய்விடு. நகம் பிய்ந்தது. பிராண்டினாள்.

எதிரே அந்த வாய் அசைந்தது. அவளுடைய சொந்தக் குரல் அதிலிருந்து வந்தது.

"இங்கதான்டா இருக்கேன். உள்ள வா."

"பிராண்டுற சத்தம் கேக்குதுக்கா! பயப்படாத, இதோ வந்துட்டேன்!"

அவள் விரலை நிறுத்தினாள்.

பின்னால், கோடாக இருந்த வெளிச்சத்தை அவன் தோள் மறைத்தது.