ஆளில்லாத நிமிடம்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாலையையே காணோம். மூடுபனி மொத்தத்தையும் விழுங்கியிருந்தது. சிமெண்டுத் தொழிற்சாலைக்குப் போகும் ஒற்றைச் சாலை அது. கிளைச்சாலை கிடையாது, இரண்டு பக்கமும் கம்பிவேலி, கல் லாரிகளைத் தவிர வேறெதுவும் அங்கே வருவதில்லை. ஈரத் தாரும் சங்கிலி எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. எங்கோ பனிக்குள் நீர் சொட்டிக்கொண்டிருந்தது, எங்கே என்று தெரியவில்லை.

என் தங்கை காரின் மேலிருந்து சைக்கிளை இறக்கினாள்.

"அண்ணா, பனி விலகிடுமா?"

"என்னைக் கேட்டா? நான் என்ன வானிலை ஆபீஸா?"

அன்று காலையிலேயே எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது. எங்கள் சைக்கிள் கிளப்பில் நேரம் பார்ப்பவன் நான். எல்லாரையும் ஒன்றாகக் கிளப்பிவிடும் பந்தயம் இல்லை எங்களுடையது. நிமிடத்துக்கு ஒருவராகத் தனித்தனியே அனுப்புவோம். தொழிற்சாலை வாசலைத் தொட்டுத் திரும்ப வேண்டும். யார் முன்னால் வருகிறார் என்பது முக்கியமில்லை, யார் குறைந்த நேரத்தில் வருகிறார் என்பதே கணக்கு. கிளம்பும்போது இரண்டு காலும் பெடலில் பூட்டியிருக்கும், ஆகவே பின்னாலிருந்து ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்வார். நான் ஐந்திலிருந்து எண்ணி 'போ' என்றதும் கையை எடுத்துவிடுவார்.

எங்களுக்குச் சீட் பிடிப்பவர் பெயர் தூண். நின்ற இடத்தில் அசையாத மனிதர், அதனால் வந்த பெயர். தள்ளமாட்டார், இழுக்கமாட்டார், அவ்வளவு நேர்மையான கை. அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, அந்த ஏழாவது நிமிடம்.

பல வருடங்களுக்கு முன் அவருடைய தம்பி ஏழாவதாகக் கிளம்பினான். சீட்டைப் பிடித்து விட்டவர் தூண்தான். தம்பி திரும்பி வரவில்லை. லாரி அடித்துவிட்டது என்பார்கள், வீட்டில் சண்டை போட்டு ஓடிப்போய்விட்டான் என்பார்கள். சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஏழாம் எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த நிமிடம் வந்ததும் தூண் குனிந்து வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆளில்லாத இடத்தைப் பார்த்து நான் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ண வேண்டும். பாவம், அவர் ஆறுதலுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று கிளப் விட்டுவிட்டது. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வரும்.

அன்று பனியால் தொடக்கம் தள்ளிக்கொண்டே போனது. லாரிகளுக்குச் சாலையைத் திறந்துவிடுவதற்குள் கடைசி ஆளும் திரும்பியாக வேண்டும். கிளப் செயலாளரான பல் டாக்டர் பல்லைப் பிடுங்குகிற நிதானத்தோடு வந்து சொன்னார். "கடைசி ஆளை எடுத்துடுங்க சார். ஒரு நிமிஷம் இடிக்குது."

வேகமானவர்களைக் கடைசியில் விடுவது எங்கள் வழக்கம். கடைசி ஆள் என் தங்கை. பெரிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அன்றைய நேரத்தைத்தான் பார்ப்பார்கள், வயது வரம்பில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். விடியுமுன் எழுந்து ஓட்டி, வேலைக்குப் போய், வந்து மறுபடி ஓட்டி அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் இடிக்கிறதாம்! இல்லாதவனுக்கு ஒரு நிமிடம் இருக்கிறது, இருப்பவளுக்கு இல்லையா?

"நீ ஏழாவது நிமிஷத்துல போ," என்றேன்.

அவள் தூணைப் பார்த்தாள். "அவர் எதாவது நெனச்சுக்கப் போறாரு அண்ணா."

"நெனச்சா நெனச்சுக்கட்டும். வா."

ஆறாவது ஆள் பனிக்குள் மறைந்தார். தங்கை தொடக்கக் கோட்டில் வந்து நின்றாள். கிளம்புமுன் மோதிர விரலால் கைப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டுவது அவள் பழக்கம். டக், டக். தூண் அதற்குள் குனிந்திருந்தார், அவளுக்கு ஒரு முழம் தள்ளி.

"அண்ணே, இவளைப் பிடிங்க."

அவர் நிமிரவில்லை.

"அண்ணே, நேரம் ஓடுது!"

"என் கை காலியா இல்லப்பா," என்றார் மெதுவாக.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மறு கையால் நானே சீட்டைப் பிடித்தேன். எண்ணத் தொடங்கினேன். பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. தூணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"போ!"

இரண்டு பேரும் ஒன்றாகக் கையை எடுத்தோம்.

பனிக்குள் இரண்டு சங்கிலிகள் ஓடும் சத்தம் கேட்டது.

தூண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது.

ஆறாவது ஆள் திரும்பி வந்தார். எட்டாவது ஆள் வந்தார். ஒன்பது, பத்து. பின்னால் கிளம்பியவர்களுக்கெல்லாம் அவள் எதிரே வந்திருக்க வேண்டும். ஒருவரும் பார்க்கவில்லை. பனி விலகி வெயில் முகத்தில் அடித்தது. சாலை கோடு போட்டதுபோல் நேராக, வெறுமையாகக் கிடந்தது. தொழிற்சாலை வாசலில் நிறுத்தியிருந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"அவங்க அப்பவே திரும்பிட்டாங்களே சார். ஒரே நிமிஷத்துல ஏன் ரெண்டு பேரை விட்டீங்க?"

"எந்த ரெண்டு பேர்?"

"முன்னாடி ஒரு பையன். மேடம் அவனைத் துரத்திக்கிட்டே போனாங்க. அப்படி ஒரு வேகத்தை நான் பாத்ததே இல்ல சார்."

வேலியோரம் முழுக்கத் தேடினோம். லாரிக்காரர்களை நிறுத்திக் கேட்டோம். போலீஸ் வந்தது. கிளைச்சாலை இல்லையா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். வேலியில் ஓட்டை? இல்லை. "அப்ப எங்கதான் போனாங்க?" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்று கத்திவிட்டேன். அம்மா அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளோடு சண்டை போடக்கூட எனக்கு வழியில்லை.

அடுத்த பந்தயத்துக்கு நேரம் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் போனேன், வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பனியில்லாத, பளிச்சென்ற காலை. கடிகாரத்தோடு ஒரு கணக்கு வாத்தியார் நின்றிருந்தார், கிளப்புக்குப் புதுசு. ஆறாவது ஆள் போனதும் தூண் குனிந்தார். ஒரு கையால் என்னைக் கூப்பிட்டார்.

"என் தம்பியை நான் பிடிச்சுக்கறேன். உன் தங்கச்சியை நீதான் பிடிக்கணும்."

அவரை அறையலாம் போல் இருந்தது. குனிந்தேன். இத்தனை பேர் பார்க்க வெறும் காற்றில் கையை வைத்தேன்.

காற்றுதான்.

பிறகு கை மெல்லக் கனத்தது.

உள்ளங்கைக்குக் கீழே சில்லென்று ஈரம் பட்டது. அன்றைய பனியின் ஈரம். சீட்டின்மேல் யாரோ உட்கார்ந்து, கிளம்பத் துடித்துக்கொண்டிருந்தார்கள். விடக்கூடாது, என்ன ஆனாலும் இந்தத் தடவை விடக்கூடாது என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

கணக்கு வாத்தியார் எங்கள் இருவரையும் பார்த்து உச்சுக்கொட்டினார். தூணைப் பார்த்து நான் எத்தனை தடவை அப்படிச் செய்திருப்பேன்!

"அஞ்சு... நாலு..."

சட்டென்று நிறுத்திவிட்டுத் திரும்பினார். முகத்தில் எரிச்சல்.

"யாருங்க அது, கைப்பிடியில டக் டக்குன்னு தட்டறது? எண்ண விடுங்க."