மூன்றாவது மூடியில் ஒரு தலை

"ஐயோ... ரத்தம்!"

வேர்க்கடலை விற்கும் வெள்ளையம்மாளின் அலறலில், பொருட்காட்சி மைதானத்தின் மதியத் தூக்கம் கலைந்தது.

பிளைவுட் வண்டிக்குள் மல்லாந்து கிடந்தார் போட்டோக்காரர் மக்பூல் பாய். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு சுத்தியல்.

மூச்சு இருந்தது... கொஞ்சமாக.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன கையோடு போலீஸ் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் ஆதிலட்சுமி இறங்கினார். எதிர்க்கடை வாசலில் நின்ற கஸ்தூரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

சுத்தியல், ராஜேந்திரனுடையது.

மக்பூல் பாயிடம் கேமரா பிடிப்பவன். அரைநாள் லீவு கேட்டு அவரோடு காலையில்தான் சண்டை போட்டிருந்தான். மைதானமே கேட்டது. அவன் கஸ்தூரிக்கு யார் என்பதுதான் மைதானத்துக்குத் தெரியாது.

கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு அந்த வருடம் இரண்டு போட்டோ கடைகள். எதிரெதிரே. இரண்டிலும் பிளைவுட்டில் செய்த ராணுவ வண்டி. சிப்பாய்களை வயிற்றில் ஏற்றிக்கொண்டு சண்டைக்குப் போகுமே, அந்த பி.எம்.பி.

கஸ்தூரியின் அப்பா வேணு, ரிடையர்டு ஹவில்தார். அந்த வண்டியைப் பட்டாளத்தில் ஓட்டியவர். அவர் கட்டியது முதல் மாடல். கட்டையான பீரங்கி, அதைத் தாங்கிச் சுழலும் குட்டிக் கூண்டு. அந்த டரட்டில், தலையை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ள ஒரே ஓட்டை. ஒரே தலை.

மக்பூல் பாய் கட்டியது இரண்டாம் மாடல். ஒல்லியாய் நீண்ட பீரங்கி, அகலமான டரட். இரண்டு தலைகள்!

புதுசாய்க் கல்யாணமான ஜோடிகள் எந்தக் கடைக்குப் போவார்கள்?

இன்னொரு ஓட்டை போடலாமே என்று கஸ்தூரி ஒரு தடவை கேட்டாள். நிஜ வண்டியில் இல்லாதது தன் வண்டியிலும் இருக்காது என்று வேணு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

"மத்தியானம் எங்கடா இருந்த?" ஆதிலட்சுமி கேட்டார்.

ராஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாய் செத்தா இது கொலை கேஸ், தம்பி. வாயைத் திற."

அவன் கஸ்தூரியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க ரொம்பக் கஷ்டப்பட்டான்.

ஏட்டு ஆதிமூலம் விலங்கை எடுத்தார்.

"அவரு எங்கூடத்தான் இருந்தாரு, மேடம்."

யார் பேசியது? தன் குரல்தான் என்று கஸ்தூரிக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"எங்க?"

"எங்க வண்டி டரட்ல. மூடியைச் சாத்திக்கிட்டு... பேசிட்டிருந்தோம்."

வேணுவின் முகம் சிவந்தது. முன்னால் வந்தார்.

"பொய், மேடம். அதுல ஒரு ஆளுக்குத்தான் இடம். வண்டி செஞ்சவன் கமாண்டருக்கே இடமில்லாம டிரைவருக்குப் பின்னால உட்கார வச்சிருக்கான்."

மகள் காதலிப்பது அவர் காதில் விழவே இல்லை. அளவு தப்பியது மட்டும் விழுந்தது.

"அது நிஜ வண்டிப்பா. உள்ள பீரங்கி அடைச்சுக்கிட்டு இருக்கும். இது காலி டப்பா."

ஆதிலட்சுமி சிரித்துவிட்டார். இடம் இருக்கலாம், ஆனால் இருந்ததை யார் பார்த்தது என்றார். காதலிக்கிற பெண் என்ன வேண்டுமானாலும் சொல்வாள் என்றும் சொன்னார்.

க்ளிக்.

விலங்கு பூட்டியாகிவிட்டது.

கஸ்தூரி மக்பூல் பாயின் வண்டி மேல் ஏறினாள். ஏதாவது கிடைக்காதா... ஏதாவது?

டரட்டுக்குப் பின்னால் நான்கு மூடிகள். குடும்பத்தோடு வந்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு மூடியில் தலை நீட்டுவார்கள். அதில் முன்னிரண்டு மூடிகளும் ஆணி அடித்து மூடப்பட்டிருந்தன.

புது ஆணிகள். வெயிலில் பளபளத்தன.

மண்டையைப் பிளக்க வந்தவன் எதற்காக மூடிக்கு ஆணி அடிக்கிறான்?

இந்த ஊரில் அந்த இரண்டு மூடிகள் யார் கண்ணை உறுத்தும்?

இறங்கி வந்தாள். அப்பாவை எதிர்த்து அவள் இதுவரை ஒரு பேச்சு பேசியதில்லை. இப்போதும் ஆதிலட்சுமியைப் பார்த்துத்தான் பேசினாள்... அப்பாவுக்குக் கேட்கும்படி.

"மேல யாரோ ரெண்டு மூடிக்கு ஆணி அடிச்சிருக்காங்க, மேடம். வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆளு போல. மூட வேண்டியது பின்னாடி ரெண்டு. முட்டாள்தனமா முன்னாடி ரெண்டை மூடியிருக்காங்க."

வேணுவின் கழுத்து நரம்பு புடைத்தது.

பல்லைக் கடித்தார்.

முடியவில்லை!

"யாரு முட்டாள்? ரெண்டாம் மாடல்ல டரட் பெருசாயிடுச்சு. முன்னாடி ரெண்டு மூடிக்கு இடமே கிடையாது. நாலு வச்சது அவன் தப்பு. நான் அடிச்சது சரியான..."

நிறுத்தினார்.



"மேல சொல்லுங்க, ஹவில்தார்," என்றார் ஆதிலட்சுமி, மெதுவாக.

வேணு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தப்பான வண்டியைத் தினமும் எதிரில் வைத்துப் பார்க்க முடியவில்லையாம். மதியம் ஆள் இல்லை என்று நினைத்து, அங்கே கிடந்த சுத்தியலோடு ஏறினாராம். பாய் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது தெரியாதாம்.

"ரெண்டு மூடியும் முடிச்சுட்டேன். மூணாவது மூடியில திடீர்னு தலை வந்துச்சு. பதறி சுத்தியலை அது மேலயே நழுவ விட்டுட்டேன், மேடம். பயந்து ஓடிட்டேன். இந்தப் பையனைப் புடிச்சப்பவே சொல்லியிருக்கணும்... வாய் வரல."

கஸ்தூரி அவரைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட டீக்கடைக்குப் போயிருந்த ஆதிமூலம், மூச்சிரைக்க ஓடிவந்தார். மக்பூல் பாய் கண் விழித்துவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை. நாளைக்குத் தீபக் கூட்டம் வருமே, ஆணியை யாராவது பிடுங்கினார்களா என்று கேட்கிறாராம்.

ராஜேந்திரனின் விலங்கு கழன்றது. கஸ்தூரி அப்போதுதான் அழுதாள்.

வேணு ஜீப்பில் ஒரு காலை வைத்தார். நின்றார். ஜீப்பின் பின்பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். புருவம் சுருங்கியது. வாயைத் திறந்தார்...

"ஒண்ணும் சொல்லாதீங்க, ஹவில்தார்," என்றார் ஆதிலட்சுமி. "கவர்மெண்ட் வண்டி. தப்பாத்தான் இருக்கும்."