நூற்றிப் பத்தில் ஒரு கொலை!

காசியின் செல்போன் அலறியது.

கிரீஸ் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"காசி... கொலைடா! கொலை!"

ஹயாத் பாஷாவின் குரல்! ஆம்பூரில் மூன்று தலைமுறையாக ஷூ ஃபேக்டரி நடத்தும் குடும்பம். ஐம்பது வயதுக்கு மேல் கார் ரேஸ் ஆசை பிடித்துக்கொண்ட மனிதர். காசிதான் அவருடைய ரேஸ் காருக்கு மெக்கானிக்.

"பாய்... யாரு? இன்னா ஆச்சு?"

"என் ஷாஹீனைக் கொன்னுட்டாங்க! லே-அவுட்டுக்கு வா! உடனே!"

ஷாஹீன் அவருடைய மனைவி இல்லை. மகளும் இல்லை.

கார்!

மாதனூர் பக்கத்தில் பாஷா போட்ட லே-அவுட். எட்டு வருஷமாக ஒரு வீடுகூட முளைக்கவில்லை. ரோடு மட்டும் ஒன்றரை கிலோமீட்டருக்கு வழவழவென்று கிடந்தது. பாஷாவின் ரேஸ் பயிற்சி எல்லாம் அங்கேதான்.

சிவப்புக் கார் நடுரோட்டில் நின்றது. அதன்மேல் ஒரு காய்ந்த மாலை. போன ரேஸில் ஏழாவதாக வந்ததற்காக பாஷா சொந்தச் செலவில் போட்டுக்கொண்டது. ஓடியவை மொத்தம் எட்டு கார்கள்.

பக்கத்தில் இன்ஸ்பெக்டர் துரைசாமி. காலில் பளபளக்கும் புது பூட்ஸ். அது எந்த ஃபேக்டரியில் தைத்தது என்று யாரும் கேட்கவேண்டியதில்லை.

"இவன்தான் சார்!" பாஷா விரலை நீட்டினார். "நூத்தி நாப்பதுல பறந்த வண்டி. இப்ப நூத்தி பத்து தாண்ட மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை ரேஸு! இவன் வாணியம்பாடி தௌசீப்கிட்ட விலை போய்ட்டான்!"

தௌசீப் அகமது தோல் வியாபாரி. பாஷாவுக்கு ரேஸிலும் போட்டி, வியாபாரத்திலும் போட்டி.

காசி கையெடுத்துக் கும்பிட்டான்.

"என் புள்ள மேல சத்தியமா இல்ல பாய்!"

"போன வாரம் அந்தாளோட டீ குடிச்சியா, இல்லியா?" இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

"குடிச்சேன் சார். அவரு வண்டிக்கு கிளட்ச் மாத்துனேன். டீ வாங்கிக் குடுத்தாரு."

"வெறும் டீயா?"

"ஒரு... பன்னு."

"பன்னு!" இன்ஸ்பெக்டர் அடிக்கோடு போட்டார். "அஞ்சு மணி வரைக்கும் டைம் தர்றேன். வண்டிக்கு இன்னா பண்ணேன்னு நீயே சொல்லிடு. இல்லன்னா எஃப்.ஐ.ஆர். வண்டி ஸ்டேஷனுக்கு, நீ உள்ள!"

ஜெயிலைவிட இன்னொன்றுதான் காசியை அதிகம் பயமுறுத்தியது. மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குரூப்பில் பாஷா அதற்குள் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். 'காசி துரோகி.' இனிமேல் இந்த ஊரில் எவன் அவனை நம்பி வண்டிச் சாவியைக் கொடுப்பான்?

பானெட்டைத் திறந்தான்.

பிளக்குகள் பிஸ்கட் நிறத்தில் அழகாக எரிந்திருந்தன. கம்ப்ரெஷன் சரி. ஃபில்டர் சுத்தம். டயரில் காற்று சரி. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் த்ராட்டில் முழுசாகத் திறந்தது.

எல்லாம் சரி... அதுதான் பெரிய தப்பு!

"நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறேன் சார்."

ஓட்டினான். நூற்றி இருபது... முப்பது... நூற்றி நாற்பத்திரண்டு!

"ஓடுதேய்யா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க அந்தாண்ட பாத்த நேரத்துல சரி பண்ணிட்டான் சார்!"

"அப்போ நீங்க ஓட்டுங்க பாய்," என்றான் காசி.

பாஷா ஹெல்மெட்டை மாட்டினார். பிஸ்மில்லா சொன்னார். ஓட்டினார்.

நூற்றிப் பத்து. அதற்கு மேல் முள் நகரவே இல்லை.

கார் வந்து நின்றதும் காசி முன் சக்கரத்தைத் தொட்டான்.

"ஆ...!"

விரல் கொப்பளித்துவிட்டது! தான் ஓட்டி முடித்தபோது இதே சக்கரத்தில் கை வைக்க முடிந்ததே...

"சார், பாய் ஓட்டும்போது மட்டும் வழி முழுக்க பிரேக் புடிக்குது!" காசியின் பார்வை பாஷாவின் வலது காலுக்குப் போனது. ரேஸுக்கென்றே அவருடைய ஃபேக்டரியில் தைத்த ஷூ. "பாய்... கோச்சுக்காதீங்க. உங்க ஷூவுல சோல் அகலம் ஜாஸ்தி. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஓரம் பிரேக்ல இடிக்குது."

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

ஆம்பூரில் ஒரு முதலாளியின் மாப்பிள்ளையைக் குறை சொல்லலாம். அவர் வீட்டு பிரியாணியைக்கூட, தைரியம் இருந்தால், குறை சொல்லலாம். அவர் ஷூவை மட்டும் சொல்லக்கூடாது.

"என் ஷூவையா?" பாஷாவின் மீசை துடித்தது. "ஜெர்மனிக்காரன் கண்ணை மூடிக்கினு வாங்குற ஷூடா! க்யூ.சி.யை வரச் சொல்றேன். இப்பவே!"

இருபது நிமிஷத்தில் ஃபேக்டரி வேன் வந்தது. கையில் ஸ்கேலோடு இறங்கினாள் மேகலா. பதினோரு வருஷமாக அங்கே ஷூக்களைச் சோதித்து பாஸ், ரிஜெக்ட் போடுகிறவள்.

காசியின் மனைவி!

"அட, குடும்பமே உள்ளயா?" இன்ஸ்பெக்டர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"இன்னாங்க இது?" மேகலா புருஷனைப் பார்த்தாள். அவன் பாஷாவின் காலைக் காட்டினான். அவள் பாஷாவின் வலது ஷூவை வாங்கினாள். அளந்தாள். வளைத்தாள். ஓரத்தைத் தடவினாள்.

"இதுல தப்பு இல்ல சார். அளவு கரெக்டு. ஓரத்துல ஒரு கீறல்கூட இல்ல."

காசி மனைவியை முறைத்தான். கட்டியவளே கவிழ்த்துவிட்டாளே!

"கேட்டியாடா! உன் பொண்டாட்டியே சொல்லிட்டா!" பாஷா துள்ளினார். "எழுதுங்க இன்ஸ்பெக்டர்!"

"இருங்க சார்," என்றாள் மேகலா. "இடது ஷூ?"

"அது எதுக்குமா?"

"ஜோடியா பாக்காம நான் எதையும் பாஸ் பண்ணதில்ல சார். நீங்க போட்ட ரூல்தான்."

பாஷா காலைப் பின்னுக்கு இழுத்தார்.

"கழட்டுங்க பாய்," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் முதல் தடவையாகப் போலீஸ் எட்டிப் பார்த்தது.

மேகலா இடது ஷூவைத் திருப்பினாள். மெல்லிய தோல் சோலில் கட்டை விரலை ஓட்டினாள்.

"இங்க மூணு வட்டம் பதிஞ்சிருக்கு. சும்மா மிதிச்சா தோல்ல இப்பிடி அச்சு விழாது சார். ரொம்ப நேரம் விடாம அழுத்தணும்."

காசி பாய்ந்து வந்து பார்த்தான். காரின் கதவைத் திறந்தான்.

"சார்! இடது கால் மிதிக்கவேண்டிய கிளட்ச் பெடல்ல வெறும் ரப்பர். பிரேக்ல மட்டும் நான் மூணு ஓட்டை போட்ட தகடு வெச்சிருக்கேன். பாருங்க!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ஷூவைப் பார்த்தார். பாஷாவைப் பார்த்தார்.

"வலது கால்ல ஆக்ஸிலேட்டரு... இடது கால்ல பிரேக்கு! நீங்களே மிதிச்சிட்டு நீங்களே கம்ப்ளைண்டா பாய்?"

ஹயாத் பாஷா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"பயமா இருக்குடா காசி... போன மாசம் வண்டி ஒருவாட்டி சுத்திப் போச்சு. அதுல இருந்து நூத்தி பத்து வந்தாலே கால் தானா போய் அமுக்குது. ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் வெச்சிட்டேன். கேஸுன்னு ஆனா வண்டி ஸ்டேஷனுக்குப் போய்டும்... ரேஸும் இல்ல, மானமும் போவாதுன்னு..."

"அதுக்கு நான் ஜெயிலுக்குப் போவணுமா பாய்?"

காசிக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. அழவேண்டும்போலவும் இருந்தது. நாலு வருஷம் அந்தக் காரைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவன் அவன்.

"பண்ணது தப்பு. மன்னிச்சிடுடா. இன்னா வேணும் சொல்லு, தர்றேன்..."

"எனக்கு என் பேருதான் வேணும். முதல்ல குரூப்புல உண்மையச் சொல்லுங்க. அப்புறம் தௌசீப் பாய்க்குப் போனைப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டு, பாஷாவின் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லை. பாஷா குரூப்பில் பேசினார். பிறகு வாணியம்பாடிக்கு டயல் செய்தார்.

"தௌசீப் பாய்... வண்டி ஓடலைன்னு நான் காசியைச் சொன்னேன், அவன் என் ஷூவைச் சொன்னான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. உங்க மேலயும் இல்ல. மாஃப் பண்ணிடுங்க."

"பரவால்ல தோஸ்த்!" போனில் உற்சாகம் வழிந்தது. "அப்போ கோளாறு எதுல? வண்டியிலயா, ஷூவுலயா?"

பாஷா சுற்றும்முற்றும் பார்த்தார். போனை மேகலாவின் கையில் திணித்தார்.

"நம்ம... நம்ம க்யூ.சி. சொல்லுவாங்க!"

மேகலா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வண்டி ஓகே சார். ஷூவும் பாஸ். கால்தான் ரிஜெக்ட்!"