வீட்டுக் கை

ஆட்டம் தொடங்குமுன் சான்று சொல்வது நாச்சிமுத்துவுக்குப் பழகிய வேலை. பல்லடம் தரைப்பந்து அரங்கின் வாசலில் நிற்கும் சான்றுக் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து, "எங்க வீட்டுக் கை" என்பார். கண்ணாடி பச்சையாகும். உள்ளே கோல் வலைக்கு முன்னால் மண்டியிட்டிருக்கும் மகள் பவளமணி ஆடலாம் என்று அதற்குப் பொருள். பிறகு சட்டையின் மடிப்புக் கலையாமல் வீட்டுப் பெரியவர்களுக்கான வரிசையில் போய் உட்காருவார்.

ஆணும் பெண்ணும் கலந்தாடும் தரைப்பந்தில் கோல்கீப்பருக்கு மட்டை கிடையாது. கைதான் எல்லாம். முழங்கை விலாவை ஒட்டி நிற்க, இரண்டு உள்ளங்கைகளும் நெஞ்சு உயரத்தில் பந்தைப் பார்த்தபடி சற்றே முன்னால் இருக்க வேண்டும். தலை குனியாமலே அவை கண்ணின் ஓரத்தில் தெரிய வேண்டும். நாச்சிமுத்து ஆடிய காலத்தில் அவர் உடலிலிருந்து பதிவுசெய்த நிலை அது; அதுதான் அவர்கள் வீட்டுக் கை. இப்போது பவளமணி தோளிலிருந்து மணிக்கட்டு வரை அணியும் நரம்புறைக்குள் இருந்து, பந்து வரும்போதெல்லாம் அவள் கைகளை அதுதான் நகர்த்துகிறது.

அன்று, ஆட்டத்தின் முதல் பகுதியில் ஏதோ அவர் கண்ணை உறுத்தியது. மகளின் வலது உள்ளங்கை இடுப்பருகே இறங்கி நின்றது. முழங்கை விலாவை விட்டு விலகியிருந்தது. ஓட்டைகள் நிறைந்த அந்த வெள்ளைப் பந்து தாழ்வாகப் பறந்து வந்தது. பிடித்துவிட்டாள். அரங்கம் கைதட்டியது. அவர் தட்டவில்லை.

யாருடைய கை அது?

நரம்புறை வந்த புதிதில் பணமுள்ளவர்கள் யாருடைய கையையும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஆட்டம் சந்தையானது. அதன்பிறகுதான் சம்மேளனம் விதி போட்டது: சொந்த வீட்டுக் கையோடு மட்டுமே ஆடலாம், வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு பகுதிக்கும் சான்று சொல்ல வேண்டும். வேறு எந்தக் கையும் திருட்டுக் கை. பொய்ச்சான்று சொன்னால் அந்த வீட்டுப் பெயரே ஆட்டத்திலிருந்து நீக்கப்படும். பக்கத்து இருக்கையில் எதிரணிக் கோல்கீப்பரின் பாட்டி, தாராபுரத்து ரங்கநாயகி. அந்த அம்மாள் சிரிப்பது போலிருந்தது. மகளுக்குக் கை விற்றது இவர்கள்தானோ?

இடைவேளையில் மகளைச் சுவரோரம் நிறுத்தினார்.

"அம்மிணி, ஆரு கைய வாங்கிப் போட்டிருக்கற?"

"ஆரு கையும் இல்லீங்ப்பா."

"என்ற கிட்டயேவா? மண்டி போட்டே முட்டி தேஞ்சவன் நான். அது நம்ம வீட்டுக் கை இல்ல."

பவளமணி உறையை முழங்கை வரை உருட்டி இறக்கினாள். உள்ளே மின்ன வேண்டிய நரம்பிழை இல்லை. வெறும் துணி.

"இழைய உருவிட்டேன். அது உங்க ஒசரத்துக்குப் பதிஞ்ச கைங்ப்பா. நான் குட்டை. பந்து வந்தா என்ற கைய உங்க கை நீளத்துக்கு இழுக்குது. தோளு ரெண்டு தடவ எறங்கிப் போச்சு. நீங்க சோம்பேறின்னு வஞ்சீங்க."

அவர் அந்தத் துணியை விரலால் தடவி இழையைத் தேடினார்.

"எனக்குக் கோல் போடறவங்க கீழதான் அடிக்கறாங்க. அதனால கையக் கீழ வெச்சேன். நானா வெச்சது."

"நானா வெச்சேன்னா ஆரு நம்புவாங்க?"

"நீங்களே நம்பலியேங்ப்பா."

சங்கு ஒலித்தது. அவள் உறையை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "சான்று சொல்ல மாட்டேன்னா இப்பவே சொல்லிருங்க. கழட்டி வெச்சுட்டுப் போயிர்றேன். அதுக்கப்புறம் எந்த வலை முன்னாடியும் என்னைய மண்டி போட விடமாட்டாங்க, அவ்வளவுதான்."

கண்ணாடி முன் வரிசையில் அவருக்கு முன்னால் ரங்கநாயகி. அந்த அம்மாள் கையை வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டார். நாச்சிமுத்துவின் உள்ளங்கை வியர்த்திருந்தது. கஞ்சி போட்ட சட்டையிலேயே துடைத்தார். அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

"எங்க வீட்டுக் கை."

கண்ணாடி எப்போதும் போலப் பச்சையானது.

இருக்கைக்குத் திரும்பியதும் எதிர் வலையைப் பார்த்தார். தாராபுரத்துக் கை என்றால் இரண்டு பக்கமும் அகல விரிந்து நிற்கும் என்பது ஊரறிந்தது. ரங்கநாயகியின் பேரனுக்கு இடது கை மட்டும் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. சட்டென்று திரும்பினார். ரங்கநாயகி பவளமணியின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் கண்களும் சந்தித்தன.

"பொண்ணுக்குக் கை நல்லா நிக்குதுங்க."

"உங்க பேரனுக்குந்தானுங்க."

வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மற்றப் பெரியவர்களை நாச்சிமுத்து ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

எதிரணிக்காரி ஒருத்தி பந்தை விரட்டிக்கொண்டு மகளின் வலையை நோக்கி வந்தாள். மகளின் கை எங்கே போகும் என்று முதல்முறையாக அவருக்குத் தெரியவில்லை. மடியிலிருந்த அவர் கைகள் தாமாக எழுந்து, நெஞ்சுக்கு நேரே, முழங்கை விலாவை ஒட்ட நின்றன.

பந்து தாழ்வாக வந்தது.