பூட்ஸுக்குள் ஒரு காகித உருண்டை!

போன் அடித்தது.

அக்கா எடுக்கவில்லை. எடுக்கிற நிலையில் இல்லை. தரையில் மண்டியிட்டு, ஒரு வங்கிக் காசாளரின் குதிகாலை அளந்துகொண்டிருந்தாள்.

மோட்டார் சைக்கிள் பூட்ஸ் விற்கும் அந்தக் கடையில் அவள் எல்லோருக்கும் அக்கா. அறுபது வயது வாடிக்கையாளருக்கும் அக்காதான். முதலில் அப்படிக் கூப்பிட்டவன் அவள் தம்பி. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

"தினமும் வீட்லேர்ந்து ஆபீஸு, ஆபீஸ்லேர்ந்து வீடு. ஆறு கிலோமீட்டர். அதுக்கு எதுக்குக்கா இம்மாம் பெரிய பூட்ஸு?" என்றார் காசாளர்.

"மலையேறப் போறவன் விழறதில்ல சார். முழிச்சுக்கிட்டு ஓட்டுவான். பால் வாங்கப் போறவன்தான் விழறான். அதுவும் தெருமுனையில... முப்பது ஸ்பீடுல."

போன் விடாமல் அடித்தது.

எழுந்து போய் எடுத்தாள்.

காவல் நிலையம்.

மலைச்சாலை, ஏழாவது வளைவு. பள்ளத்தில் ஒரு பைக். பக்கத்தில் ஓர் உடல். சட்டைப்பையில் இருந்த லைசென்ஸில் அவள் தம்பியின் பெயர்.

"கவசமெல்லாம் கரெக்டா போட்டிருந்தாரும்மா. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸு... ஒண்ணு குறையில்ல. அப்படியும் போயிட்டாரு. விதி."

அளவு நாடா அவள் கையிலிருந்து நழுவித் தரையில் சுருண்டது.

பூட்ஸா...?

என் தம்பியா...?

*

தம்பிக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. செருப்பு.

அக்கா பூட்ஸ் கடை. அக்கா புருஷன் பூட்ஸ் நிபுணர். இவன் மட்டும் வார் அறுந்து ஊக்குக் குத்திய ரப்பர் செருப்பில் பைக் ஓட்டுவான். கடைக்கு அதைவிட மோசமான விளம்பரம் கிடையாது. கேட்டால், பூட்ஸ் போட்டால் காலுக்கு மூச்சு முட்டுகிறது என்பான். திட்டினால், உன் கடையில் கூட்டம் குறையட்டும் அப்புறம் நான் வாங்குகிறேன் என்பான். ஆறு வருடமாக இதே வழக்கு.

அவளுடைய கணவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கேப்டன்.

எந்தப் படைக்கு என்று யாரும் கேட்டதில்லை. கப்பலைக் கிட்டப் போய்ப் பார்த்தவரில்லை. பதினோரு பேர் கொண்ட பைக் சங்கத்துக்குத் தலைவர். பட்டத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டதில் போட்டியும் இல்லை. வாரா வாரம் கேமரா முன்னால் நின்று, கால் என்பது மனிதனின் அஸ்திவாரம் என்று ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் அஸ்திவாரத்தை விட்டு மேலே வரமாட்டார். அவர் பேசுவார், அக்கா கடையில் மண்டியிட்டு மாட்டிவிடுவாள். பத்தொன்பது வருடத் தாம்பத்தியம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கேப்டன் இப்போது சுவரில் தலையை முட்டி அழுதார்.

விஷயத்தைத் தவணை தவணையாகச் சொன்னார். காலை ஆறு மணிக்கு மைத்துனன் கடைக்கு வந்தானாம். மலை வரைக்கும் ஒரு சுற்றுப் போகிறேன், இன்றைக்காவது பூட்ஸ் போடுகிறேன் என்றானாம். இவரே ஒரு புது ஜோடி எடுத்துக் கொடுத்தாராம்.

"போட்டுக்கிட்டு, 'பஞ்சு மாதிரி இருக்கு மாமா'ன்னான்... ஆறு வருஷம் என் பேச்சைக் கேக்காதவன்... கேட்ட அன்னிக்கே போயிட்டானே..."

அக்கா நம்பினாள்.

நம்பக் காரணம் இருந்தது. முந்தின நாள் மாலை தம்பி குரல் செய்தி அனுப்பியிருந்தான். கடையில் கூட்டம். ஒரு காதில்தான் கேட்டாள். ஆனாலும் அன்றிரவு சிரித்துக்கொண்டே தூங்கப் போனாள்.

"அக்கா... ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்து வச்சிருக்கேன். நாளைக்கு உன்கிட்ட காட்டணும். நீ மட்டும் பாரு."

கடைசியில் பையன் வழிக்கு வந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள்...

*

மூன்றாம் நாள். காலை பதினோரு மணி.

இன்ஸ்பெக்டர் வந்தார். சீருடை இல்லை. தொப்பை இருந்தது. கையில் ஒரு பழுப்பு நிறப் பை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

மாடியில் கேப்டனின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு அஞ்சலி ஊர்வலம். பதினோரு பைக். அதற்கான உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். விம்மல் வரவேண்டிய இடத்தில் திருப்தி இல்லை போலிருக்கிறது; அதையே மூன்று தடவை விம்மினார்.

இன்ஸ்பெக்டர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பையிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸை எடுத்து மேஜையில் வைத்தார்.

அக்காவுக்குத் தெரிந்தது. தம்பியின் காலில் இருந்தது.

"அம்மா, எனக்கு ஜீப்புதான் தெரியும். பூட்ஸு தெரியாது. கடைக்கு வாங்க வந்த ஆளுன்னு நினைச்சுச் சொல்லுங்க. இது நல்ல பூட்ஸா?"

"இப்ப எதுக்கு சார் இது..."

"சும்மா சொல்லுங்களேன். எப்படிப் பாத்து வாங்கணும்?"

அக்கா இடது பூட்ஸைக் கையில் எடுத்தாள். துக்கம் வேறு, தொழில் வேறு. கை தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்தது. ஒரு கையில் குதிகால், ஒரு கையில் விரல் பக்கம். முறுக்கினாள்.

ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டது.

அக்காவின் முகம் மாறியது.

"என்னம்மா?"

"நல்ல சோல் முறுக்கக் கூடாது சார். மேல விழற பைக்கு பாதத்தை இப்படித்தான் பிழியும். முன்னெல்லாம் நானே பாத்து வாங்கின ஜோடி எதுவும் இப்படி முறுக்கினதில்ல..."

கணுக்கால் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே கெட்டியான ஒரு கப்பு இருக்க வேண்டும். சுத்தியலால் அடித்தாலும் அசையாதது. இது விரலுக்கே அமுங்கியது.

கடைக் கத்தியை எடுத்துத் தோலைக் கிழித்தாள்.

அட்டை.

இனிப்புப் பெட்டி செய்கிற அட்டை. வெளியே அவள் கடையின் முத்திரை. உள்ளே அட்டை!

அவளுக்குத் தபால்காரர் ஞாபகம் வந்தது. போன மாதம் காலில் கட்டோடு வந்தார். உங்கள் பூட்ஸ் போட்டுத்தான் விழுந்தேன், எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது என்றார். நீங்கள் ஜிப்பை முழுக்கப் போட்டிருக்கமாட்டீர்கள் என்று அவரையே திட்டி அனுப்பினாள். பாவம், அவரும் இருக்கலாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

"சார்... இந்தச் சரக்கு நான் வாங்கல. குடோன் முழுக்க அவர் பொறுப்பு."

"எவர்?"

அவள் கண் மாடிப்படியைப் பார்த்தது.

"சரி, மேல சொல்லுங்க. வேற என்ன பாக்கணும்?"

அக்கா பூட்ஸின் மேல்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தாள். பளபளத்தது.

"கியர் மாத்தறப்ப இடது கால் மேல்பக்கம் லீவரை உதைச்சுத் தூக்கும் சார். புது பூட்ஸுன்னா பத்து கிலோமீட்டர்லயே இங்க கறுப்பா ஒரு தழும்பு விழும். இங்கேர்ந்து ஏழாவது வளைவு நாப்பது கிலோமீட்டர்..." கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேய்த்தாள். "இதுல ஒரு கீறல் இல்ல."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அவசரப்படாமல் பைக்குள் கைவிட்டு, ஒரு பாலிதீன் உறையை எடுத்தார். உள்ளே இரண்டு காகித உருண்டைகள். மெல்லிய வெள்ளைக் காகிதம், நன்றாக நசுங்கியது.

"பிரேதப் பரிசோதனையில டாக்டர் பூட்ஸைக் கழட்டினப்ப விழுந்தது. இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு. விரல் பக்கம். அவருக்கு என்னன்னு தெரியல. எனக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமாம்மா?"

தெரியும்.

புது பூட்ஸ் பெட்டியில் வரும்போது, முனை அமுங்காமல் இருக்க உள்ளே காகிதம் திணித்திருப்பார்கள். அதை எடுத்த பிறகுதான் வாடிக்கையாளர் காலில் மாட்டுவது. ஒரு நாளைக்கு இருபது தடவை அவள் செய்கிற வேலை.

"இதை உள்ள வச்சுக்கிட்டு உயிரோட இருக்கிறவன் ஒரு அடி நடக்க மாட்டான் சார்."

"ஆனா, பஞ்சு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போனாராமே?"

அக்கா கத்தியை மேஜையில் வைத்தாள்.

"செத்ததுக்கு அப்புறம் மாட்டின பூட்ஸு," என்றார் இன்ஸ்பெக்டர். "அடி பின்மண்டையில. ஹெல்மெட்டுல பின்பக்கம் ஒரு கோடு கூட இல்ல. அப்பவே சந்தேகம். ஆனா ஒண்ணுதான் இடிக்குது. உங்க வீட்டுக்காரர் பூட்ஸ் நிபுணர். முக்கால் மணி நேரம் பேசறவர். உள்ள பேப்பர் இருக்கும்னு அவருக்குத் தெரியாதா?"

அக்கா காகித உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் ஒரு நிமிடத்தில் ஓடியது. கேமராவுக்கு முன்னால் அவர் நீட்டும் கை. அந்தக் கையில் அவள் வைக்கும் பூட்ஸ்.

"தெரியாது சார்," என்றாள் மெதுவாக. "அவர் கைக்குப் போறதுக்கு முன்னாடி எப்பவும் நான் எடுத்துடுவேன்."

மாடியில் கேப்டன் நான்காவது தடவை விம்மினார். இந்தத் தடவை நன்றாக வந்திருந்தது.

அவள் தன் போனை எடுத்துத் தம்பியின் குரலை மறுபடி ஓடவிட்டாள். 'ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்து வச்சிருக்கேன்... உன்கிட்ட காட்டணும்... நீ மட்டும் பாரு.' அது போட்டுக்கொள்ள எடுத்த ஜோடி இல்லை. அறுத்துப் பார்த்த ஜோடி. மாமா ஊரையும் அக்காவையும் சேர்த்து ஏமாற்றுவதை அக்காவிடம் காட்ட வந்தவனை, மாமா குடோன் வாசலிலேயே முடித்துவிட்டார். மாமா என்று கூப்பிட்ட வாய். அந்த மாமா கையால் கடைசியாக ஒரு ஜோடி பூட்ஸ்.

விபத்து மாதிரி இருக்க வேண்டுமென்றால் செருப்போடு பள்ளத்தில் போட்டிருந்தால் போதும். ஊரே நம்பியிருக்கும். ஆனால் கேப்டன் வீட்டுப் பையன் கவசம் இல்லாமல் செத்தான் என்று பேச்சு வந்தால் சங்கத்துக்கு என்ன மரியாதை...?

அக்கா அழவில்லை.

"இப்ப நான் என்ன சார் செய்யணும்?"

"பைக்கையும் உடம்பையும் எதுலயாவது ஏத்தித்தான் மலைக்குக் கொண்டுபோயிருக்கணும். உங்க கடைச் சரக்கு வேனைச் சோதிக்க ஆள் அனுப்பியிருக்கேன். நாலு மணி வரைக்கும் அவருக்கு எதுவும் தெரியக் கூடாது. எப்பவும் போல இருங்க. அது போதும்."

"எப்பவும் போலவா?"

"எப்பவும் போல."

"சரி சார்," என்று குடோன் சாவியை எடுத்தாள்.

*

மூன்றே முக்கால்.

கேப்டன் மாடியிலிருந்து இறங்கினார். கறுப்பு ஜாக்கெட், நெஞ்சில் கறுப்பு ரிப்பன். கடைசிப் படியில் உட்கார்ந்து, உரையைப் படித்தபடியே காலை நீட்டினார்.

அக்கா எப்பவும் போல மண்டியிட்டாள். பெட்டியைத் திறந்தாள். காகிதத்தை எடுத்தாள். மாட்டினாள். ஜிப்பை மேலே வரை இழுத்து, பட்டையை ஒட்டினாள்.

"புதுசா?" என்றார், உரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தம்பிக்காக."

"நல்ல காரியம்."

வாசலில் பத்துப் பைக்குகள் வரிசையில் நின்றன. கேப்டன் பதினோராவது பைக்கில் ஏறி உட்கார்ந்து உரையை ஆரம்பித்தார். அஸ்திவாரம் வந்தது. விம்மல் வந்தது. காசாளர் கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"...என் மைத்துனன் என் பேச்சைக் கேட்டது ஒரே ஒரு நாள்..."

"கேப்டன்."

இன்ஸ்பெக்டர். இப்போது சீருடையில். கையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

கையில் ஒரு ரப்பர் செருப்பு. வாரில் ஊக்கு.

"உங்க சரக்கு வேன்ல, சீட்டுக்கு அடியில கிடந்தது. நடந்து போய் ஏறினாரா, நீங்க தூக்கிப் போட்டீங்களா?"

கூட்டம் திரும்பியது. கேப்டன் திரும்பவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக உரையைப் பாதியில் விட்டார்.

பைக் சீறியது...

கான்ஸ்டபிள்கள் ஓடினார்கள். ஜீப் உறுமியது. தேவையே இருக்கவில்லை. நூறு அடி தள்ளித் தெருமுனை, பால் கடை, அதற்கு முன்னால் ஒரு வேகத்தடை. பின்னால் பார்த்துக்கொண்டே போனவர் முன்னால் பார்க்கவில்லை.

முப்பது ஸ்பீடு.

பைக் இடது பக்கம் சாய்ந்தது. அவர் மேல் இல்லை. அவர் கால் மேல் மட்டும்.

சத்தம் கடை வரைக்கும் கேட்டது.

*

மருத்துவமனை. கை கட்டிலோடு விலங்கில். இடது கால் கூரையோடு கயிற்றில். உடம்பில் வேறு எங்கும் ஒரு சிராய்ப்பில்லை. கணுக்கால் மட்டும் மூன்று துண்டு.

டாக்டர் வெட்டி எடுத்த பூட்ஸ் ஒரு தட்டில் கிடந்தது. கிழிந்த தோலுக்கு நடுவே நனைந்த அட்டை எட்டிப் பார்த்தது.

கேப்டன் அதைப் பார்த்தார். பிறகு கதவருகில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"அடிப்பாவி... எனக்கே... என்ன பூட்ஸ்டி எடுத்து வச்சே?"

அக்கா பக்கத்தில் வந்தாள். கயிற்றில் தொங்கும் காலை ஒரு வாடிக்கையாளரின் காலைப் பார்ப்பது போலத் தொழில் பார்வை பார்த்தாள்.

"அளவு கரெக்டாத்தான் எடுத்தேன். பேப்பரையும் மறக்காம எடுத்துட்டேன். சரக்கு மட்டும்தாங்க உங்களுது."